ஏரிக்கரையில் நடைபாதை ரெடி... கலிங்கை யார் பார்ப்பது?

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஊருக்கு வா. கேமராவோட வா. நம்ம ஏரிய பார்த்தா உனக்கு அடையாளமே தெரியாது!"

ஆவணிக் கடைசியில் சித்தப்பா மகன் இப்படித்தான் போன் செய்தான். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொந்தக்காரர்களிடமிருந்து வரும் போன்களில் பாதி இந்த ரகம்தான். கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா, புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை... "உங்க பேப்பர்ல போட முடியுமா?" வார இதழ் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர்களுக்கு எல்லாமே பேப்பர்தான். ஆனால், இந்த போனுக்கு யோசிக்காமல் சரி என்றேன். நான் நீச்சல் பழகியது அந்த ஏரியில்தான்.

திருச்சிக்குத் தெற்கே, மதுரை சாலையிலிருந்து விலகி உள்ளே போகிற மானாவாரி பூமி எங்கள் ஊர். காவிரித் தண்ணீர் எட்டாத பக்கம். இப்போது நாங்கள் குடியிருக்கும் ஸ்ரீரங்கத்தில் வடக்கே நடந்தால் கொள்ளிடம், தெற்கே நடந்தால் காவிரி. ஊரில் இருப்பது ஒரே ஓர் ஏரி. அது நிறைகிற வருடம்தான் ஊரில் கல்யாணங்கள் நடக்கும். (ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான். ஏன் என்பது போகப்போகப் புரியும்.)

போய்ப் பார்த்தபோது அவன் சொன்னதில் பொய்யில்லை. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த கரையில் கல் பதித்த நடைபாதை. வரிசையாக சோலார் விளக்கு. சிமென்ட் பெஞ்சுகள். ஒவ்வொன்றிலும் நன்கொடையாளர் பெயர். சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகனின் பெயரும் ஒரு பெஞ்சில் இருந்தது. ஊர்ப் பெயரோடு சிவப்பு இதயம் போட்ட செல்ஃபி பலகை. ஆடியில் பெய்த இடிமழையில் ஏரி பாதி நிறைந்திருந்தது. சாயங்கால வெயிலில் தண்ணீர் தங்கத் தகடு மாதிரி கிடந்தது. பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சுகர் வந்த பெரியப்பாக்கள் கைவீசி நடந்தார்கள். மூன்று வருட உழைப்பு இது. லோன் போட்டு வாங்கிய பைக்கை விற்று ஜேசிபிக்கு டீசல் போட்டவன் என் தம்பி.

"அடுத்து பெடல் போட் ரெண்டு வருதுக்கா. முக்கொம்புக்கு எதுக்குப் போகணும்? இங்கயே புளியோதரையைக் கட்டிட்டு வந்துட வேண்டியதுதான்."

நான் படம் எடுத்துத் தள்ளினேன். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்.

"தண்ணியவே ஏன் பாப்பா எடுக்குற? கரைய எடு. தண்ணி தன்னால வரும், தன்னால போவும். கரைதான் நாம வச்சது."

மடைக்காரத் தாத்தா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று முறை வைப்பது எல்லாம் ஒரு காலத்தில் அவர் வீட்டு வேலை. அறுவடையில் அவருக்கென்று களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள். இப்போது அளப்பவர் யாரும் இல்லை. அவராக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

என்னைக் கரைக்கு வெளிப்பக்கம், வயல் பக்கமாக இறக்கிக் கூட்டிப்போனார். நடைபாதையில் நடக்கிற யாரும் எட்டிப் பார்க்காத பக்கம் அது. கரையின் காலடியில் ஓர் இடத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. பயந்துவிட்டேன். குனிந்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். "தெளிஞ்சு வருது பாரு. இது கரைக்கு வேர்க்கிறது. ஒண்ணும் ஆகாது. இதே கலங்கி வந்துச்சுன்னா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். அப்போ மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடியாரணும்."

பிறகு ஒரு பொறியாளரிடம் இதைக் கேட்டேன். ஒரு வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னார். மண் அணை எதுவானாலும் கொஞ்சம் கசியும். கசிவு மண்ணை எடுத்துக்கொண்டு வந்தால்தான் ஆபத்து. நண்டு வளை, எலிப் பொந்து, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கி விட்டுப்போன துளை - எதன் வழியாகவும் அது தொடங்கலாம். அதனால்தான் ஏரிக்கரையில் பனை வைத்தார்கள், மற்ற பெரிய மரங்களை வைக்கவில்லை என்றார் தாத்தா. தம்பியின் குழு வெளிச்சரிவில் புங்கனும் வேம்பும் நட்டிருக்கிறது. மரம் நட்டதைக் குறை சொல்கிற ஒரே மனிதர் என்று ஊரில் அவருக்குப் பெயர்.

இன்னொன்றும் சொன்னார். "கல்லைப் பதிச்சு மூடிட்டாங்க. முன்னெல்லாம் கரை வெடிச்சா கண்ணுக்குத் தெரியும்."

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நகரத்தில் இருக்கும் நமக்குக் குளமும் ஏரியும் ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தில் மாசித் தெப்பம் பார்க்கப் போவோமே, அந்தத் தெப்பக்குளம் தோண்டியது. தண்ணீர் தரைக்குக் கீழே நிற்கிறது. அது உடைந்து ஊருக்குள் வர வழியில்லை. ஏரி அப்படியில்லை. சரிவான நிலத்தின் குறுக்கே மண்ணைக் கொட்டித் தண்ணீரைத் தரைக்கு மேலே நிறுத்தி வைத்திருக்கிறோம். அதாவது, ஏரி என்று நாம் செல்லமாகக் கூப்பிடுவது ஒரு மண் அணையை. தமிழ்நாட்டில் இப்படி ஏறத்தாழ 39,000 ஏரி, குளங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது.

மண் அணைக்கு ஒரே ஒரு பெரிய எதிரி. தண்ணீர் அதன் தலைக்கு மேல் ஏறி மறுபக்கம் வழிவது. கல் அணையின் மேல் வழிந்தால் தாங்கும். மண் கரையில் வழிந்தால் வெளிச்சரிவை அரித்துக்கொண்டே வந்து, சில மணி நேரத்தில் கரையையே கொண்டுபோய்விடும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் கரையின் ஓரத்தில், கரையைவிடத் தாழ்வாக, கல்லால் ஒரு வழி விட்டார்கள். அதுதான் கலிங்கு. ஏரி நிறைந்தால் 'கலிங்கு பாயுது' என்று ஊரே ஓடிப்போய்ப் பார்க்கும். அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் 'கரை தப்பிச்சுது' என்கிற நிம்மதியும் இருந்திருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

தாத்தா என்னைக் கடைசியாகக் கூட்டிப்போனது அங்கேதான். கலிங்கின் மேல் புதிதாக ஒரு செங்கல் சுவர். ஒன்றரை அடி. சிமென்ட் பூசி வெள்ளையடித்து, மேலே இரும்பு வலை. தம்பிதான் கட்டியிருந்தான்.

"ஏன்டா?"

"ஒன்றரை அடி ஏத்தினா சித்திரை வரைக்கும் போட் விடலாம்க்கா. இல்லன்னா மாசியிலயே சேறு தெரிஞ்சுடும். வலை இல்லன்னா கலிங்கு பாயும்போது மீனெல்லாம் போயிடும். கட்லா, ரோகு குஞ்சு விட்டுருக்கோம். மீன் வித்துதான் லைட்டுக்கு மெயின்டனன்ஸ்."

அவன் கணக்கில் தப்பே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தாத்தாவின் கணக்கு வேறு. ஏரி நிறைந்து நிற்கும்போது நீர்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே நாலடி இருக்க வேண்டும். இப்போது இரண்டரைதான் என்றார். நான் இரவு வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஏரி 60 ஏக்கருக்கு விரிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு அடி கூட்டினால் கூடுதலாக நிற்பது 7 கோடி லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஆறாயிரத்துக்கும் மேல் வரிசையாக நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவையும் அதே பழைய கரைதான் தாங்க வேண்டும்.

கலிங்கின் மேல் தண்ணீர் எவ்வளவு உயரமாகப் போகிறது என்பதும் முக்கியம். ஓர் அடி உயரத்துக்குப் போகும்போது வெளியேறுகிற தண்ணீரைப்போல, இரண்டு அடி போகும்போது இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய மூன்று மடங்கு வெளியேறும். வெள்ளத்தன்று கரையைக் காப்பாற்றுவது அந்த மேல் அடிதான். சுவர் அதைத் தின்றுவிட்டது. மிச்சத்தை வலை அடைத்துக்கொள்ளும்.

வலை, மீன், கலிங்கு... இந்த மூன்றையும் சேர்த்து எங்கேயோ படித்த ஞாபகம். டிப்ளமோ படிக்கும்போது விபத்துச் செய்திகள் பற்றிய வகுப்பில் வந்த அமெரிக்கச் சம்பவம் அது. தேடி எடுத்துப் படிக்கப் படிக்கத் தூக்கம் போய்விட்டது.

பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்று ஒரு மண் அணை. படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் விட அரசு கட்டியது. 1853-ல் கட்டி முடித்தபோதே ரயில் வந்துவிட்டது. கால்வாய்க்கு வேலையில்லாமல் போனது. அணை கைமாறியது. இடையில் வாங்கிய ஒருவர், அடியில் இருந்த இரும்பு வெளியேற்றுக் குழாய்களைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். தண்ணீரை இறக்கிவிட்டுக் கரையைச் சரிபார்க்கும் வழி அதோடு போயிற்று. 1879-ல் பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டை கிளப்புக்காக அது வாங்கப்பட்டது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி கிளே ஃபிரிக் எல்லாம் உறுப்பினர்கள். ஏரியில் படகு, கரையில் பங்களா. கரைமேல் குதிரை வண்டி போக வேண்டும் என்று உச்சியைச் செதுக்கித் தாழ்த்தினார்கள். விலை கொடுத்து விட்ட மீன் வெளியே போகக் கூடாது என்று வழிந்தோடியில், அதாவது கலிங்கில், இரும்புக் கம்பித் தடுப்பு வைத்தார்கள்.

கீழே இருந்த இரும்பாலைக்காரர்கள் பொறியாளரை அனுப்பிப் பார்த்து, ஆபத்து என்று எழுதிக் கொடுத்தார்கள். கிளப் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1889 மே 31. ராத்திரியெல்லாம் பேய் மழை. கம்பித் தடுப்பில் சருகும் மரக்கிளையும் வந்து அடைத்துக்கொண்டன. ஆட்கள் கலப்பையை வைத்து உழுது கரையை உயர்த்தப் பார்த்தார்கள்; தடுப்பைப் பிடுங்கப் பார்த்தார்கள். பிற்பகலில் கரை போனது. 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரத்துக்குத் தண்ணீர் வந்து சேர ஒரு மணி நேரம்தான் ஆனது. இறந்தவர்கள் 2,209 பேர். வழக்குப் போட்டவர்களால் கிளப்பிடமிருந்து ஒரு காசு வாங்க முடியவில்லை. தெய்வச் செயல் என்று முடிந்தது.

அதோடு பாடம் படித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இன்று 90,000-க்கும் மேற்பட்ட அணைகள் கணக்கில் இருக்கின்றன. பாதிக்கு மேல் தனியாருடையவை. அதிகமான அணைகளின் முதல் நோக்கம் பாசனமோ மின்சாரமோ அல்ல, பொழுதுபோக்கு. மிச்சிகனில் ஈடன்வில் என்கிற தனியார் மண் அணை 2020 மே 19-ல் உடைந்தது. வழிந்தோடி போதவில்லை என்று சொல்லி மத்திய அரசின் ஆணையம் 2018-லேயே மின் உற்பத்தி உரிமத்தை ரத்து செய்திருந்தது. அதற்கப்புறம் ஏரியின் மட்டத்தைக் குறைக்கலாமா கூடாதா என்று இழுபறி. கரையோர வீட்டுக்காரர்களுக்குப் படகு ஓட்டுகிற அளவுக்குத் தண்ணீர் வேண்டும். ஏரியை இறக்கியதால் சிப்பிகள் செத்தன என்று மாநில அரசே உரிமையாளர்மீது வழக்குப் போட்டது. மழை வந்தது, கரை போனது. சுமார் 10,000 பேரை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அணையைத் திரும்பக் கட்ட, அரசு மானியம் போக மீதியைக் கரையோர வீட்டுக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் தவணை கட்ட வேண்டும் என்றார்கள். அதை எதிர்த்தும் கோர்ட்டுக்குப் போனார்கள் அவர்கள்.

மறுநாள் காலையில் இதையெல்லாம் காபி குடித்தபடி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டி குறுக்கே வந்தாள். "அமெரிக்காவுக்கு ஏன்டி போற? எழுபத்தேழுல உறையூர்ல நாங்க பரண்மேல ஏறி உக்காந்திருந்தோம்."

1977 நவம்பர் புயல். திருச்சியில் ஒரு தலைமுறைக்கே அது காலண்டர். 'வெள்ளத்துக்கு முந்தின வருஷம் பொறந்தவன்' என்று இன்னும் வயது சொல்கிறார்கள். காவிரியைத்தான் நாம் பயந்து பயந்து பார்ப்போம். திருச்சி நகரத்துக்குள் திடுக்கென்று வருவது தெற்கேயிருந்து வரும் கோரையாறு மாதிரியான காட்டாறுகள்தான். எங்கள் ஊர் மாதிரி ஏரிகள் வழிந்தாலும் உடைந்தாலும் அந்தத் தண்ணீர் கடைசியில் வடக்கே, நகரத்துப் பக்கம்தான் இறங்கும்.

அதே நவம்பரில், அதே மழையில், இன்றைய திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம் குடகனாறு அணை உடைந்தது. மண் அணை. கட்டி முடித்த சூடு ஆறாத புது அணை. ஐந்து ஷட்டர்கள். வெள்ளம் வந்தபோது தூக்கப் போனார்கள். பாதி தூக்கியதும் கரன்ட் போய்விட்டது. ஜெனரேட்டரைப் போட்டார்கள், உதவவில்லை. கையால் சுற்றினார்கள். தண்ணீர் கரைக்கு மேல் ஏறி வெளிச்சரிவில் அருவி மாதிரி கொட்டியது. 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை பல இடங்களில் கரை அறுத்துக்கொண்டு போனது. பொறியாளர்களும் ஊழியர்களும் அங்கேயே நின்றிருந்த ஓர் அரசு அணையின் கதி அது.

முக்கொம்பையும் நாம் பார்த்தோம். கொள்ளிடத்தில் 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. நான் ஊஞ்சலாடி, புளியோதரை சாப்பிட்டு வளர்ந்த பூங்கா. 2018 ஆகஸ்ட் 22 இரவு அதன் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. அது மண் அணை இல்லை, கதை வேறு. ஆனால், அது அரசாங்கத்துடையது என்பதால், போன இடத்தில் 387 கோடி ரூபாயில் புதிய கதவணை எழுந்தது. எங்கள் ஊர்க் கரை போனால்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் ஒரு வாரம் போன் போட்டுக்கொண்டிருந்தேன். 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு அது பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் சில நிபந்தனைகளோடு பொருந்தும். எங்கள் கரை பன்னிரண்டு அடி. நாலு மீட்டர்கூட இல்லை. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது வரப்பு. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி என்றால் நீர்வளத்துறை; எங்களுடையது 80 ஏக்கர், அதனால் ஊராட்சி ஒன்றியம். மீன் குத்தகைக்கு ஒரு கோப்பு, கரை மரத்துக்கு ஒரு கோப்பு, ஆக்கிரமிப்புக்கு இன்னொரு கோப்பு. கலிங்கில் சுவர் வைக்க யாரிடம் அனுமதி வாங்கினாய் என்று தம்பியைக் கேட்டேன். "யாருகிட்ட கேக்குறதுன்னே தெரியலக்கா. கேட்டிருந்தா மூணு வருஷமும் கேட்டுக்கிட்டேதான் இருந்திருப்பேன்" என்றான். அதையும் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஏரிக்கு ஓர் ஆள் இருந்தது. உத்திரமேரூர் கல்வெட்டு பள்ளிக்கூடப் புத்தகத்தில் வந்ததால் குடவோலை மட்டும் ஞாபகம் இருக்கிறது நமக்கு. பராந்தகச் சோழன் காலத்து, 919, 921-ம் ஆண்டுகளின் அந்தக் கல்வெட்டுகளில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர். 360 நாள் பதவி. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய சொந்தக்காரரும் நிற்க முடியாது! வெள்ளைக்காரன் காலத்தில் குடிமராமத்தை 1858-ல் சட்டமாக்கி, கரை உடைப்பெடுத்தால் ஊரார் உழைப்பைக் கட்டாயமாக்கினான். கட்டாயம் என்று வந்ததுமே அது யாருடைய வேலையும் இல்லாமல் போனதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. 2017-ல் குடிமராமத்து என்ற பெயர் திரும்பி வந்தது. அந்தப் பெயரில் எங்கள் ஏரிக்கு என்ன வந்தது என்று தாத்தாவிடம் கேட்டேன். சிரித்தார்.

ஏரியில் கொண்டாட்டம் கூடாது என்று அந்தக் கிழவர் சொல்லவே இல்லை. அவரே கலிங்கிலிருந்து தலைகீழாகக் குதித்தவர்தான். எங்கள் பக்கம் பழைய கொண்டாட்டம் மீன்பிடித் திருவிழா. கோடையில் ஏரி வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும், பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, கூடை, கொசுவலை, வேட்டி என்று கிடைத்ததோடு சுற்றுவட்டாரமே இறங்கும். பிடித்ததை யாரும் விற்க மாட்டார்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. யோசித்துப் பார்த்தால், அந்தத் திருவிழா ஏரி காலியாகும்போது வருகிறது. அப்போது எல்லோரும் உள்ளே இறங்கி நடப்பதால், மதகு எங்கே உடைந்திருக்கிறது, கரை எங்கே சரிந்திருக்கிறது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடும். பெடல் போட்டுக்கு ஏரி எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். அடி தெரியவே கூடாது.

தண்ணீர் வயலுக்கும் போக வேண்டும் இல்லையா? கடைமடையில் இருக்கும் மாமா ஒருவர் டீக்கடையில் வைத்துக் கேட்டேவிட்டார்: "தையில கதிர் காயும்போது மதக தொறப்பீங்களா, இல்ல படகு தரைதட்டும்னு மூடிக்குவீங்களா?" ஏரியின் உள்வாய்ப் பக்கம் பட்டா நிலம் வைத்திருப்பவர்களுக்கு வேறு கோபம். ஒன்றரை அடி ஏறினால் அவர்களுடைய கடலை மூழ்கும். ஊர் இரண்டானது. என் கட்டுரை வரும், வரும் என்று காத்திருந்த தம்பிக்கு நான் வீடியோ போடாதது பெரிய வருத்தம். ஒரு மாதம் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக்கூட அவன் பார்க்கவில்லை.

ஐப்பசி இரண்டாவது வாரம். ஸ்ரீரங்கத்தில் வீட்டில் உட்கார்ந்து எந்தெந்த மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று அப்டேட் செய்துகொண்டிருந்தேன். இரவு பதினொன்றே முக்காலுக்குச் சித்தி போன். "புள்ள கலிங்குல நிக்கிறான்டி." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

நடந்ததை மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்பது மணிக்கு மேல் மழை கொட்டியிருக்கிறது. தாத்தா குடையோடு கரைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். வலை முழுக்க கருவேல முள், வாழைமட்டை, பாலித்தீன் பை, தண்ணீர் பாட்டில். கலிங்கில் பாய வேண்டிய தண்ணீர் அடைத்து நிற்கிறது. கரையில் டிராக்டர் ஏறி இறங்கித் தேய்ந்த பள்ளம் ஒன்று உண்டு. அங்கே உச்சிக்கு முக்கால் அடிதான் பாக்கி. நடைபாதைக் கல் பதித்தபோது அந்தப் பள்ளத்தை நிரவவில்லை, கல்லை மட்டும் வளைத்துப் பதித்திருந்தார்கள். தாத்தா கோயில் மணியை அடித்திருக்கிறார்.

தம்பியும் மூன்று பையன்களும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பாய்கிற கலிங்கில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர்களில், டீக்கடையில் சண்டை போட்ட கடைமடை மாமாவும் ஒருவர். பெண்கள் ரேஷன் சாக்கில் மண் அள்ளிப் பள்ளத்தில் அடுக்கினார்கள். வலையை அறுக்க ஒன்றரை மணி நேரமானது. அறுத்த வேகத்தில் தம்பியின் கைவிரல் கிழிந்து ஏழு தையல். மீன் குஞ்சில் பாதி ஓடைக்குப் போய்விட்டது. விடியும்போது மட்டம் ஓர் அடி இறங்கியிருந்தது.

சுவர்? அது இன்னும் நிற்கிறது. ஒன்றியத்திலிருந்து வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். முழுதாக இடிக்க வேண்டும் என்று உள்வாய்க்காரர்கள். பெஞ்சுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு மனசில்லை. பழைய கலிங்குகளில் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள், மழைக்காலம் முடிகிற சமயத்தில் மட்டும் கல்லுக்கு நடுவே பலகை வைத்து மண் அணைத்துக்கொள்வார்கள், அதேபோல் செய்யலாம் என்று தாத்தா சொன்னார். மழை நேரத்தில் திறந்து கிடக்கும். தைக்கு மேல் தேக்கிக்கொள்ளலாம். இப்போதைக்குச் சுவரின் நடுவில் பத்தடியை மட்டும் உடைத்து விட்டிருக்கிறார்கள். அது போதுமா என்று கேட்டேன். "போதாது" என்றார் தாத்தா.

பெடல் போட் இரண்டும் வந்துவிட்டன. ஒன்று வாத்து, ஒன்று அன்னம். சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். கன்றுக்குட்டி அன்னத்தின் மூக்கை நக்குகிறது. அந்த வீடியோவைத் தம்பியே எனக்கு அனுப்பினான். பேச ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம்.

அதோடு ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதத்துக்கும் சாயங்காலம் கரையின் வெளிப்பக்கம் நடந்து கசிவு பார்க்க முறை போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு ஓர் ஆள். கலங்கல் தெரிந்தால் உடனே குரூப்பில் வாய்ஸ் மெசேஜ். குரூப்புக்குப் பெயர் 'ஏரி வாரியம்'. மார்கழி மூன்றாவது ஞாயிறுக்கு நேராக என் பெயர் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் நெரியும் நாட்கள் அவை. பஸ் பிடிக்க விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருக்கும்.